பறக்கும் படகுப் பள்ளி

அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் குவிந்து கிடக்கும் நெல்லைக் காண்போர் வயலைப் புகழ்வர், உழவனைப் போற்றுவர், காலத்தில் பெய்த மழையையும் வாழ்த்துவர். ஆனால், வயலின் ஒரு மூலையில் சில வாரங்கள் மட்டுமே பசுமையாக நின்று, பின்னர் அடையாளமின்றி மறைந்துபோன நாற்றங்காலை நினைப்பவர் மிகச் சிலரே. நாற்று நன்கு அமையாவிடின் நடவு இல்லை. நடவு இல்லையேல் விளைவும் இல்லை. ஆயினும், நாற்றங்காலுக்குப் புகழ் கிடைப்பதில்லை.

போர் வரலாறும் இத்தகையதே. வென்ற தளபதியின் பெயர் நிற்கிறது. மூழ்கிய கப்பலின் பெயரும் நிற்கிறது. அவ்வெற்றிக்கு வேண்டிய மனிதரை ஆக்கித் தந்த பயிற்சிப் படையணியின் பெயரோ ஏட்டில் ஒரு வரியாக ஒடுங்கிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இயங்கிய பறக்கும் படகுப் பயிற்சி அணியும் அவ்வாறு ஒடுங்கிய ஒன்றே. அது பெரும்போர் எதிலும் வாகை சூடவில்லை. ஆனால், பரந்த கடலைக் காத்த விமானிகள் பலர் அங்கேதான் கடலைப் பார்க்கக் கற்றனர்.

கடலைப் பார்ப்பதற்கும் ஒரு கல்வி வேண்டுமோ என்று ஐயம் எழலாம். வேண்டும். அதன் காரணத்தை அறிய, அப்போரின் தன்மையைச் சிறிது அறிதல் நலம்.

பிரிட்டன் ஒரு தீவு. அந்நாட்டு மக்கள் உண்ட உணவில் பெரும் பகுதி கடல் கடந்து வந்தது. விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் வேண்டிய எண்ணெயும் கடல் கடந்தே வந்தது. கடல்வழி அடைபட்டால், படையெடுத்து வராமலே அந்நாட்டைப் பணியவைக்கலாம். இதனை ஜெர்மனி நன்கு உணர்ந்திருந்தது. 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் போர் அறிவித்தது. அன்று மாலையே ‘அதீனியா’ என்னும் பயணிகள் கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டது. பெண்டிரும் சிறுவரும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அட்லாண்டிக் பெருங்கடலில் தொடங்கிய அப்போராட்டம் போர் முடியும்வரை ஓயவில்லை.

அக்காலத்து நீர்மூழ்கிக் கப்பல் எந்நேரமும் நீருக்குள்ளேயே இருக்க வல்லது அன்று. நீருக்குள் அது மின்கலங்களின் ஆற்றலால் இயங்கியது. அங்கு அதன் வேகம் மிகக் குறைவு; மின்கலங்களும் விரைவில் ஆற்றல் இழக்கும். நீரின் மேல் வந்து எண்ணெய்ப் பொறியை இயக்கினால்தான் மின்கலங்களுக்கு மீண்டும் ஆற்றல் ஏற்றலாம். வணிகக் கப்பல்களைத் தொடர்ந்து விரைந்து செல்லலாம். வானில் ஒரு விமானம் தோன்றினால் போதும். நீர்மூழ்கி உடனே அமிழ வேண்டும். அமிழ்ந்தால் கப்பல்களைத் தொடர இயலாது. ஆகவே, ஒரு குண்டையும் வீழ்த்தாமலே, வானில் காவல் சுற்றும் விமானம் ஒரு கப்பற் கூட்டத்தைக் காத்துவிட முடியும். இவ்விமானங்களின் முதற்பணி கொல்வது அன்று, விழித்திருப்பதே.

இப்பணிக்கென 1936ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் விமானப் படையில் கடலோரப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. 1941 ஏப்ரல் முதல் அப்பிரிவு தன் கடற்பணிகளைக் கடற்படைத் தலைமையின் கட்டளைப்படி ஆற்றியது. அதன் கையில் இருந்த சிறந்த கருவிகளுள் ஒன்று பறக்கும் படகு. படகு போன்ற உடலும், மேலே அகன்ற இறக்கைகளும் கொண்ட விமானம் அது. ஓடுபாதை அதற்குத் தேவையில்லை. நீரிலிருந்து எழும்பி, நீரிலேயே இறங்கும். நிலத்தில் பறக்கக் கற்றவர் இதனைக் கண்டவுடன் ஓட்டிவிட முடியாது. நீரில் இருக்கும்போது படகோட்டியாகவும், வானில் இருக்கும்போது விமானியாகவும் அவர் விளங்க வேண்டும்.

இங்கிலாந்தின் தென்கரையில் கால்ஷாட் என்னும் துறையில் இதற்கெனப் பயிற்சி அணி ஒன்று இருந்தது. 1940ஆம் ஆண்டு பிரான்சு வீழ்ந்தது. பகைவரின் விமானத் தளங்கள் ஆங்கிலக் கால்வாயின் எதிர்க்கரைக்கே வந்துவிட்டன. இளைஞர் அமைதியாகப் பயில்வதற்குத் தென்கரை ஏற்ற இடமாக இல்லை. ஆகவே, அணி வடக்கே ஸ்காட்லாந்துக்குச் சென்றது. முதலில் தென்மேற்கு மூலையில் உள்ள ஸ்ட்ரான்ரார் என்னும் துறையில் தங்கியது. அங்கே 1941 மார்ச்சு மாதத்தில் ‘நான்காம் கடலோரச் செயற்பயிற்சி அணி’ என்னும் பெயரைப் பெற்றது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மேலும் வடக்கே சென்று, குரோமார்ட்டி நீர்க்கழியின் கரையில் உள்ள இன்வர்கார்டன் என்னும் ஊரில் நிலைகொண்டது. 1943ஆம் ஆண்டு அத்தளத்திற்கு அண்மை ஊரின் பெயரால் அல்னஸ் என்று பெயர் மாற்றப்பட்டது.

குரோமார்ட்டிக் கழி குறுகிய வாயிலை உடையது. உள்ளே நீண்டு அகன்றது. வெளியே வடகடல் கொந்தளித்தாலும் உள்ளே நீர் ஓரளவு அடங்கியிருக்கும். சுற்றிலும் மலைகள். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் பிற்பகலிலேயே இருள் கவியும். இயற்கையே அமைத்துத் தந்த பள்ளிக்கூடம் போன்றது அவ்விடம். ஆனால், அவ்வியற்கை கண்டிப்பான ஆசிரியரும் ஆகும்.

அங்கு வந்த மாணாக்கர் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள். பிரிட்டனிலிருந்து மட்டுமன்றி, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்தும் வந்தனர். விமானம் ஓட்டுவோர், வழி கணிப்போர், கம்பியில்லாத் தந்தி இயக்குவோர், பொறி காப்போர், துப்பாக்கி இயக்குவோர் எனத் தனித்தனியே தத்தம் தொழிலை முன்னரே கற்றிருந்தனர். பத்துப் பேரையும் ஒரு குழுவாக்குவதே இப்பள்ளியின் முதற்பாடம். சிலம்பின் பரல்கள் தனித்துக் கிடந்தால் ஓசை தாரா. ஒரு கூட்டுக்குள் அமைந்தால்தான் ஒலி பிறக்கும்.

அவர்கள் பழகிய விமானங்களும் பலவகை. தொடக்கத்தில் ‘சிங்கப்பூர்’, ‘லண்டன்’, ‘ஸ்ட்ரான்ரார்’ என ஊர்ப் பெயர்களைத் தாங்கிய பழைய இரட்டை இறக்கை விமானங்களே பள்ளிக்குக் கிடைத்தன. பின்னர் அமெரிக்காவில் கட்டப்பட்ட ‘கேட்டலைனா’ வந்தது. அதனைத் தொடர்ந்து ‘சண்டர்லாந்து’ வந்தது. 1942 ஜூலையில் கேட்டலைனாவுக்கெனத் தனிப் பயிற்சி அணி வட அயர்லாந்தின் ஏர்ன் ஏரிக்கரையில் தொடங்கப்பட்டது. அதன்பின் சண்டர்லாந்தே இன்வர்கார்டனின் அடையாளம் ஆயிற்று. நான்கு பொறிகளும் ஏறத்தாழ 113 அடி அகலமுள்ள இறக்கைகளும் உடையது அது. அதனுள் இரண்டு தளங்கள் இருந்தன. படுத்து உறங்கக் கட்டில்கள் இருந்தன. அடுப்புடன் சிறிய சமையற்கட்டும் இருந்தது. ஒரு முறை புறப்பட்டால் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேலும் அது கடல்மேல் பறக்கும். ஆகவே, உணவு சமைப்பதும் அங்கே பயிற்சியின் ஒரு பகுதியே. பசித்த கண் கடலைக் கூர்ந்து நோக்காது அன்றோ?

நீரில் மிதக்கும் விமானத்துக்குத் தடைக்கருவி இல்லை. காற்று தள்ளும் பக்கம் அது நகரும். வேகத்தைக் குறைக்கச் சமையற்கட்டின் இரு பக்கத்துத் திறப்புகள் வழியாகத் துணியாலான கூம்புப் பைகளை நீரில் எறிவர். முன்புறத்தில் ஒருவர் குனிந்து நின்று, கொக்கியிட்ட கழியால் மிதவையைப் பற்றுவார். பற்றத் தவறினால் மீண்டும் சுற்றி வர வேண்டும். உறைபனிக் காற்றில், நனைந்த கைகளோடு, நாளுக்குப் பல முறை இதனைப் பழகினர்.

கொந்தளிக்கும் நீரைவிட அசையாத நீர் கொடியது என்பதையும் மாணாக்கர் அங்குக் கற்றனர். அலையற்ற நீர் கண்ணாடி போல் வானத்தைக் காட்டும். நீர்ப்பரப்பு எங்கே தொடங்குகிறது என்று விமானியின் கண்ணுக்குத் தெரியாது. அத்தகைய நாளில் கண்ணை நம்பாமல் கருவிகளை நம்பி மெல்ல மெல்லத் தாழ வேண்டும். சில வேளைகளில் ஒரு விசைப்படகு முன்னே ஓடி நீரைக் கலக்கி வழி காட்டும். இரவிலோ விளக்கேற்றிய சிறு படகுகள் மூன்று வரிசையாக நிற்கும். அம்மூன்று ஒளிப்புள்ளிகளே இறங்குதுறை. மற்றவை யாவும் இருள்.

வழி கணிப்பவரின் பாடம் வேறு. கடலில் மைல்கல் இல்லை. மரமும் கோபுரமும் இல்லை. காற்று விமானத்தை எப்பக்கம் எவ்வளவு தள்ளுகிறது என்று அறிய, பகலில் புகை விடும் மிதவையையும், இரவில் சுடர் விடும் மிதவையையும் கடலில் இட்டு, அவை பின்னே விலகும் கோணத்தை அளப்பர். விண்மீன்களின் உயரத்தை அளந்தும் இடம் அறிவர். திசையில் ஒரு பாகை பிழைத்தால், அறுபது மைல் தொலைவில் ஒரு மைல் விலகிவிடும். அறுநூறு மைல் தொலைவில் பத்து மைல் விலகிவிடும். மூடுபனியில் திரும்பி வரும் விமானத்துக்கு, பத்து மைல் என்பது துறைக்கும் மலைக்கும் உள்ள வேறுபாடாகும்.

இவற்றினும் அரிய பாடம் ஒன்று உண்டு, அது நோக்குதல். மணிக்கணக்காக ஒரே நிறமான நீரை நோக்கும் கண் விரைவில் சோர்ந்துவிடும். காணாததைக் கண்டதாகவும் எண்ணும். வெள்ளலை ஒன்று நீர்மூழ்கியின் தடம் போலத் தோன்றும். திமிங்கிலம் கப்பலின் முதுகு போலத் தோன்றும். ஆதலால் முறை வைத்துக் காவலர் மாறினர். ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியை மட்டுமே ஒழுங்காகத் துழாவினர். பல குழுவினர் நூற்றுக்கணக்கான மணிநேரம் பறந்தும் ஒரு நீர்மூழ்கியையேனும் காணாமலே தம் பணியை முடித்தனர். அவர்கள் உழைப்பு வீண் என்று சொல்லலாமா? அவர்கள் தலைக்கு மேல் சுற்றியதால் அமிழ்ந்துபோன பகைவனை அவர்கள் எவ்வாறு காண்பர்? கரை சேர்ந்த கப்பல்களே அவ்வுழைப்புக்குச் சான்று.

பயிற்சி என்பது பழையதைத் திரும்பத் திரும்பச் செய்வது மட்டும் அன்று. புதிய அறிவை விரைவில் பரப்புவதும் ஆகும். நீர்மூழ்கியைத் தாக்கும் வெடிகள் முதலில் ஏறத்தாழ நூறு அடி ஆழத்தில் வெடிக்குமாறு அமைக்கப்பட்டன. தாக்குதல் பல நடந்தும் மூழ்கிய கப்பல்கள் சிலவே. 1941ஆம் ஆண்டில் பேட்ரிக் பிளாக்கெட் என்னும் அறிவியலறிஞர் தலைமையில் ஒரு சிறு குழு இதனை ஆராய்ந்தது. அக்குழுவைச் சேர்ந்த ஈவன் வில்லியம்ஸ் என்பவர், தாக்கப்படும் வேளையில் நீர்மூழ்கி பெரும்பாலும் நீரின் மேலோ, சற்றே அமிழ்ந்தோ இருப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். வெடிக்கும் ஆழம் இருபத்தைந்து அடியாகக் குறைக்கப்பட்டது. வெடிமருந்து மாறவில்லை, விமானமும் மாறவில்லை. ஆயினும், பயன் பல மடங்கு பெருகிற்று. ஆய்வறையில் பிறந்த இவ்வறிவு வானில் பயன்பட வேண்டுமானால், ஐம்பது அடி உயரத்தில் தாழப் பறந்து, தக்க நொடியில் வெடிகளை இடும் திறமை வேண்டும். அத்திறமையைக் கைப்படுத்தியவை பயிற்சி அணிகளே.

இக்கல்விக்கு மாணாக்கர் செலுத்திய கட்டணம் சிறிதன்று. நல்ல விமானங்கள் முதலில் போர்முனைக்கே சென்றன. பள்ளிக்கு வந்தவற்றுள் பல முதுமை எய்தியவை. சில பிறவியிலேயே குறையுள்ளவை. ‘லெர்விக்’ என்னும் பறக்கும் படகு அத்தகையது. அவ்வகையில் 21 மட்டுமே கட்டப்பட்டன; அவற்றுள் ஏறத்தாழப் பாதி விபத்துகளில் அழிந்தன. போர்ப் பணிக்கு ஆகாது என்று 1941ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்ட பின்னர், எஞ்சியவற்றுள் சில இன்வர்கார்டனில் பயிற்சிக்குத் தரப்பட்டன. போர்முனை மறுத்ததைப் பள்ளி ஏற்றது.

அந்நிலத்தின் மூடுபனி, தேர்ந்தவரையும் விட்டுவைக்கவில்லை. 1942 ஆகஸ்டு 25ஆம் நாள், அரசர் ஆறாம் ஜார்ஜின் இளவலாகிய கெண்ட் கோமகனை ஏற்றிக்கொண்டு சண்டர்லாந்து ஒன்று இன்வர்கார்டனிலிருந்து புறப்பட்டது. அது பயிற்சி விமானம் அன்று. போர்ப் பணியில் இருந்த வேறோர் அணியைச் சேர்ந்தது. தேர்ந்த விமானியே அதனைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அது மேகம் மூடிய மலைச்சரிவில் மோதியது. பதினைந்து பேரில் ஒருவரே உயிர் பிழைத்தார். கோமகன் மாண்டதால் உலகம் அச்செய்தியை அறிந்தது. அதே மலைகளிலும் அதே கழியிலும் மாண்ட இளம் மாணாக்கரின் செய்தி, அவர்தம் வீட்டு வாயிலுக்கு வந்த தந்தியோடு நின்றுவிட்டது. அவர்கள் பகைவனைக் கண்டதில்லை. ஆயினும், அவர்கள் இறந்ததும் அப்போரில்தான்.

கற்பித்தவர் நிலையும் எளிதன்று. போர்ப் பறப்பு பல முடித்தவருக்கு ஓய்வு என்னும் பெயரால் ஆசிரியப் பணி தரப்பட்டது. பழகாத கைகளில் விமானத்தை ஒப்படைத்து, அருகே அமர்ந்து, பிழை முற்றும்வரை பொறுத்து, கடைசி நொடியில் திருத்துவது ஓய்வாகுமா? முன்னதாகத் திருத்தினால் மாணாக்கன் கல்லான்; பின்னதாகத் திருத்தினால் இருவரும் பிழையார். நல்லாசிரியர் யாவரும் நிற்கும் இடம் இதுவே.

காணுதலும் கண்டதைச் சொல்லுதலுமே இக்கல்வியின் சாரம். அதன் மதிப்பைத் தமிழகத்துக்கு அண்மையில் உள்ள இலங்கைத் தீவு ஒரு நாள் உணர்ந்தது. பயிற்சி அணி நீங்கிச் சென்ற ஸ்ட்ரான்ரார் துறையில், 1941 ஜூலை முதல் நாள் கனடா நாட்டின் 413ஆம் விமான அணி தோன்றியது. அடுத்த ஆண்டில் அது இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கலை ஏரிக்கு அனுப்பப்பட்டது. 1942 ஏப்ரல் 4ஆம் நாள், லெனார்டு பிர்ச்சால் என்பவர் எட்டுத் துணைவருடன் ஒரு கேட்டலைனாவில் காவல் பறந்தார். பல மணிநேரம் வெறுங்கடலே தெரிந்தது. மாலையில் தெற்கே அடிவானத்தில் சில புள்ளிகள் தோன்றின. இன்னவை என்று உறுதி செய்ய அவர் அருகே சென்றார். அவை இலங்கையைத் தாக்க வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படை. பகை விமானங்கள் சூழ்ந்தன, கேட்டலைனா தீப்பற்றியது. சுடுமழைக்கு இடையே தந்தி இயக்குபவர் செய்தியை அனுப்பினார். விமானம் கடலில் வீழ்ந்தது, மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். ஆனால், எச்சரிக்கை கொழும்பை எட்டிவிட்டது. மறுநாள் தாக்குதல் நிகழ்ந்தபோது, துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல முன்னரே வெளியேறியிருந்தன. இழப்பு முற்றிலும் நீங்கவில்லை. ஆயினும், அறியாமல் தாக்குண்டிருப்பின் அது பன்மடங்கு பெருகியிருக்கும்.

குழுவாக இயங்குதலின் மதிப்பை மற்றொரு நிகழ்ச்சி காட்டும். 1944 ஜூலை 17ஆம் நாள், ஷெட்லாந்துத் தீவிலிருந்து புறப்பட்ட கேட்டலைனா ஒன்றுக்கு ஜான் குருக்ஷாங்க் தலைவர். அவர் ஒரு நீர்மூழ்கியைக் கண்டு தாக்கினார். முதல் முறை வெடிகள் விழவில்லை. பகைவர் விழித்துக்கொண்டனர் என்று அறிந்தும் அவர் மீண்டும் சுற்றி வந்து தாக்கினார். நீர்மூழ்கி அழிந்தது. ஆனால், வழி கணிப்பவர் மாண்டார். தலைவர் உடலில் எழுபத்திரண்டு காயங்கள். துணை விமானியாகிய ஜாக் கார்னெட் தாமும் காயமுற்றிருந்தும் விமானத்தை ஏற்றார். ஐந்தரை மணிநேரம் பறந்து துறையை அடைந்தபோது இன்னும் விடியவில்லை. மயக்கம் தரும் மருந்தை மறுத்து வலியோடு கிடந்த குருக்ஷாங்க், தம்மை முன்னிருக்கைக்குத் தூக்கிச் செல்லுமாறு சொன்னார். ஒளி வரும்வரை ஒரு மணிநேரம் வட்டமிட்டு, ஓட்டை விழுந்த விமானத்தை இருவரும் நீரில் இறக்கிக் கரையில் ஏற்றினர். இருளில் நீரைத் தொடக் கூடாது, ஒளிக்குக் காத்திருக்க வேண்டும் என்பதே அவ்வேளையில் அவர்களைக் காத்த அறிவு. விக்டோரியாச் சிலுவை பெற்ற அவர், 2025ஆம் ஆண்டு தமது 105ஆம் வயதில் மறைந்தார்.

மறுபுறத்தையும் எண்ணிப் பார்த்தல் அறம். குருக்ஷாங்க் அழித்த நீர்மூழ்கியில் இருந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை. ஜெர்மன் நீர்மூழ்கிகளில் பணிபுரிந்த ஏறத்தாழ 40,000 பேரில் 28,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1943 மே மாதத்தில் மட்டும் 41 நீர்மூழ்கிகள் அழிந்தன. அவர்களும் இருபது வயதை ஒட்டியவரே. அவர்களுக்கும் பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. அவர்களை எதிர்நோக்கியும் அன்னையர் காத்திருந்தனர். நன்கு பயின்ற இளைஞர் இருபுறமும் மாள்வதே போரின் கொடுமை.

போர் முடிந்தது. 1946ஆம் ஆண்டில் பயிற்சி அணி அல்னஸை விட்டு வேல்ஸ் நாட்டின் பெம்புரோக்குத் துறைக்குச் சென்றது; அடுத்த ஆண்டில் வேறு பெயர் பெற்றது. 1959ஆம் ஆண்டோடு பிரிட்டிஷ் விமானப் படையில் சண்டர்லாந்தின் பணியும் முடிந்தது. நெடிய ஓடுபாதைகளும் நிலத்து விமானங்களும் பெருகிய உலகில் பறக்கும் படகுக்கு இடமில்லாமல் போயிற்று. குரோமார்ட்டிக் கழியில் இன்று மிதவைகள் இல்லை. விளக்கேற்றிய மூன்று படகுகளும் இல்லை. அல்னஸில் ஒரு நினைவுக்கல் மட்டும் நிற்கிறது.

நாற்று பறிக்கப்பட்ட பின் நாற்றங்கால் வெறுஞ்சேறாகக் கிடக்கும். அதனைக் கண்டு, இங்கு ஒன்றும் விளையவில்லை என்று எவரேனும் சொன்னால், உழவன் நகைப்பான். விளைந்தது எங்கே என்பதை அவன் அறிவான். கடல் கடந்து கரை சேர்ந்த ஒவ்வொரு கப்பலும், எச்சரிக்கை பெற்ற ஒவ்வொரு துறைமுகமும், விடியும்வரை வானில் காத்திருந்து மீண்ட ஒவ்வொரு குழுவும் பெயரறியாத பயிற்சிக் களங்களின் விளைவே. புகழ் வேண்டாது பிறரைத் தகுதியுடையோர் ஆக்குவோரின் தொண்டு, அவர் மறைந்த பின்னும் பிறர் செயலில் வாழ்கிறது.